சுவரில் முட்டுபவள்

மூன்று வருடம் எனக்குச் சுவரில் முட்டுவதுதான் உத்தியோகம்.
ப்ர்னோவில், பழைய நூற்பாலையின் நான்காம் மாடியில்,
ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாத அறையில்
காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து
இன்னும் கடைக்கு வராத ஓர் உலகத்தின்
ஒவ்வொரு சுவரிலும் தோளை இடித்துப் பார்ப்பேன்.
எங்காவது உடம்பு உள்ளே போய்விட்டால்
சீட்டு எழுதுவேன்:
மதுக்கடை. வடக்குச் சுவர். ஆள் புகுகிறான்.

அந்தப்புறம் என்ன இருக்கும்?
சாம்பல்.
இருட்டுகூட இல்லை; இருட்டென்றால்
யாராவது விளக்கை அணைத்திருக்க வேண்டுமே.
அதற்குள் விழுந்தால் விழுந்துகொண்டே இருக்கலாம்.
ஒருமுறை நான் சூப் குடித்துத் திரும்பும்வரை
என் ஆள் விழுந்துகொண்டிருந்தான்,
வாளை உறையில் போட்டபடி, நிதானமாக.

ட்ராம் நிறுத்தத்தில் ஆளுயரச் சுவரொட்டி:
"கண்ணில் படும் எந்த மலைக்கும் நீ போகலாம்."
பொய்யில்லை. போகலாம்.
முன்னூறு தடவை போயிருக்கிறேன்.
உச்சியில் ஒரு கொடிக்கம்பம், ஒரு பெட்டி,
பெட்டிக்குள் பன்னிரண்டு காசு.

தலைநகரில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
திறப்பவை அறுபத்தொன்று.
வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருந்தேன். கம்பெனியே இப்போது இல்லை,
சொன்னால் என்ன.

வெளியீட்டு நாளன்று ஆலங்கட்டி மழை.
அக்கா புருஷன் லுபோஷ்,
கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர்,
முதுகுவலி என்று நாலு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு
நள்ளிரவு வரிசையில் நேராக நிமிர்ந்து நின்றார்.
முன்னால் ஒருத்தன் அட்டைக் கவசத்தில்,
அது நனைந்து தோளிலிருந்து கழன்றுகொண்டிருந்தது.
எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு பெரிசு?
மொராவியாவில் பாதி என்றான் ஒருவன்.
இல்லை, முழுசும் என்றான் அடுத்தவன்.
நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் இரவு, மூன்று மணிக்குத் தொலைபேசி.
"ரத்கா, இந்தத் தச்சன்
முந்தாநாள் சொன்னதையே இன்றும் சொல்கிறான்."
"அவனுக்கு ஐந்து வாக்கியம்."
"ஐந்துதானா?"
"நாலு. ஒன்று மழைக்கு."

அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.
எடைக்கல்லைக் குடைந்துவைத்த கடைக்காரி
பிடிபட்டதுபோல் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

"அது போகட்டும்," என்றார்.
"ஆலையடியில் ஒரு குதிரை.
மழை வந்ததும் என்னை இறக்கிவிட்டுப்
போய்த் தாழ்வாரத்தில் ஒதுங்கிக்கொண்டது.
சீட்டியடித்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
சரி என்று நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.
அரைமணி நேரம், ரத்கா. தண்ணீர் ஓட்டிலிருந்து
சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு.
எப்படியம்மா யோசித்தீர்கள் இதை?"

யாரும் யோசிக்கவில்லை.
சீட்டு எண் இருபதாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு.
மழையில் குதிரை கீழ்ப்படியவில்லை: பிழை.
எழுதியவள் நான்.
கூட்டத்தில் பவ்லீனா கொட்டாவியோடு
"நேரமில்லை, விட்டுவிடுங்கள்" என்றாள்.
நான் ஆட்சேபித்தேன், அதுவும் இரண்டு முறை.

"கஷ்டப்பட்டுத்தான் செய்தோம்," என்றேன் போனில்.

இப்போதும் யாராவது விருந்தில் கேட்பார்கள்,
அவ்வளவு ஆரவாரத்துக்குத் தகுமா அது என்று.
பத்துக்கு ஏழு என்று நழுவிவிடுவேன்.
மலையைக் கேட்டால் ஏழுகூட அதிகம்.
குதிரையைக் கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியவில்லை;
அதைச் சுவரொட்டியில் போட்டிருந்தால்
லுபோஷ் வரிசையில் நின்றிருப்பாரா என்ன.

ஆறு வருடமாகிறது. அவர் கதையை முடிக்கவே இல்லை.
அரசன் இன்னும் சிறையில்.
கிடங்கில் நாள் மோசமாகப் போனால்
ஆலைக்குப் போய் மழைக்குக் காத்திருக்கிறார்.

போன வாரம் கேட்டார்:
"குதிரைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறதே,
உள்ளே என்ன?"
இந்தமுறை பொய் வரவில்லை.
"ஒன்றுமில்லை. சாம்பல்."

கொஞ்சம் யோசித்தார்.
"சரி," என்றார்,
"குதிரைக்குத் தெரிய வேண்டாம்."